இடப்பக்கம் கொஞ்சம் மந்தம்

பிப்ரவரி 3

அன்புள்ள வீட்டுக்குரலுக்கு,

நலம்தானே? கூட வரும் பார்சலைப் பார்த்ததும், பிரிந்து போன ஏழு மாதத்தில் புத்தி வந்து புருஷன் பரிசு அனுப்பியிருக்கிறான் என்று நினைத்துவிடாதே. பரிசு இல்லை, வேலை. உள்ளே இருப்பது ஒரு ஆண்ட்ராய்டு டேப். நடுத்தர விலை. மிகவும் மலிவும் இல்லை, வாங்கியவன் நாலு பேரிடம் காட்டிப் பீற்றிக்கொள்கிற ரகமும் இல்லை. படம் பார்க்க, பாட்டுக் கேட்க, படிக்க, பில் கட்ட, வீடியோவில் முகம் பார்த்துப் பேச. ஒரு குடும்பம் இதை வாங்கலாமா வேண்டாமா என்று நம் பத்திரிகை சொல்லியாக வேண்டும்.

உனக்கே தெரியும், என் கட்டுரையில் நான் எழுதுவது அளவும் எண்ணும்தான். அடியில் கட்டம் கட்டி வருகிற 'வீட்டுக்குரல்' உன்னுடையது. மிக்சியோ, இஸ்திரிப் பெட்டியோ, ஃபேனோ, நீ ஒரு மாதம் புழங்கிப் பார்த்துச் சொன்ன பிறகுதான் நான் தீர்ப்பு எழுதுவேன். நீ ஆஸ்பத்திரி வேலையில் மாற்றல் வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போன பிறகு அந்தக் கட்டத்தை நானே எழுதிப் பார்த்தேன். இரண்டாவது மாதமே வாசகர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். வீட்டுக்குரலுக்குத் தொண்டை கட்டிக்கொண்டதா என்று ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார். ஆசிரியர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். "உங்க நம்பர் எல்லாம் கரெக்ட்தான் சார். ஆனா அதை வாங்கி வீட்ல வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு சொன்னது அந்த அம்மாதானே" என்றார்.

கம்பெனி இரண்டு டேப் கொடுத்தது. ஒன்று என் மேஜையில், கருவிகளோடு. இன்னொன்று உன்னிடம். பதினோரு கேள்விகள் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன், நேரம் கிடைக்கும்போது பார்.

இன்னொரு விஷயம். மாடிப்படியில் வீட்டுக்காரர் மடக்கினார். மார்ச் கடைசியோடு வாடகை ஒப்பந்தம் முடிகிறது. "ரெண்டு பேரும் இருக்கப் போறீங்களா, இல்ல நான் வேற ஆள் பார்க்கட்டுமா?" என்று நேராகவே கேட்டார். மார்ச் நடுவில் சொல்கிறேன் என்றேன். ஒற்றை ஆளுக்கு இவ்வளவு பெரிய வீடு எதற்கு? ஆறு மாதம் போகட்டும், அப்புறம் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். நான் அவசரப்படுத்தவில்லை. ஆனால் நீ திரும்பி வருகிறாயா இல்லையா என்று தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். வீட்டுக்குள்ளேயே வாக்கிங்கா சார் என்று கீழ்வீட்டுக்காரர் விசாரித்தார்.

போனில் பேசுவதில்லை என்ற நம் ஒப்பந்தத்தை நான் மீறவில்லை. மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வருகிறது, தாளில் எழுதி அனுப்பினால் போய்ச் சேர்வதற்குள் கோபம் ஆறிவிடும் என்று நீ சொன்னது சரிதான். ஆனால் கோபம் ஆறுகிற நேரத்தில் கவலை ஏறுகிறதே, அதற்கு என்ன செய்ய? சீக்கிரம் எழுது.

அன்புடன்,
வாக்கிங் போகிறவன்


பிப்ரவரி 11

அன்புள்ள மதிப்பெண் மாமாவுக்கு,

பார்சல் வந்தது. கடிதத்தைவிடக் கேள்வித்தாள் கனமாக இருந்தது. பதினொன்றாவது கேள்வியில் அ, ஆ, இ என்று உட்பிரிவு வேறு. நான் பள்ளிக்கூடம் முடித்து வருஷக்கணக்காகிறது மாமா.

சரி, கேளுங்கள். பெட்டியில் சார்ஜர் இருக்கிறது, உறை இல்லை. பின்பக்கம் உலோகம், கைக்குச் சில்லென்று நன்றாக இருக்கிறது, ஆனால் தொட்ட இடமெல்லாம் விரல் ரேகை. முதல் முறை திறந்தபோது நான் கூப்பிடாத ஆப் எல்லாம் உள்ளே உட்கார்ந்திருந்தன, குடிபோன அன்றே வீட்டில் நாலு பேர் சட்டமாக உட்கார்ந்திருக்கிற மாதிரி. ஒவ்வொன்றாக வெளியே அனுப்பினேன். இரண்டு மட்டும் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கின்றன.

திரை பெரியது, நிறம் கண்ணை உறுத்தவில்லை. ஆனால் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் படம் தெரிவதில்லை, என் மூஞ்சிதான் தெரிகிறது. அது நான் ஏற்கெனவே பார்த்த படம். படுத்துக்கொண்டு பிடித்தால் மணிக்கட்டு வலிக்கிறது. ஒரு தடவை கை நழுவி மூக்கில் விழுந்தது. இப்போது அரிசி டப்பாவில் சாய்த்து வைத்துப் பார்க்கிறேன். உறையைத் தனியாக விற்கிறவர்களை நான்கு வார்த்தை கேளுங்கள்.

சத்தம் இந்த அறைக்குப் போதும். ஆனால் இடப்பக்கம் கொஞ்சம் மந்தம். படத்தில் இடப்பக்கம் நிற்கிறவர் பேசினால் அடுத்த அறையிலிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இங்கே எல்லாம் வழக்கம்போலத்தான். ஆஸ்பத்திரியில் காதைச் சோதித்துக்கொள்ள வருகிற கூட்டத்துக்குக் குறைவில்லை. கண்ணாடி அறைக்குள் அவர்களை உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்று சொல்வதுதான் என் பிழைப்பு. நான் இருக்கிற மாடி அறைக்குக் கீழே தையல்கடை வைத்திருக்கிற அக்கா நல்ல மாதிரி. சாப்பிட்டியா என்று கேட்காமல் என்னைப் படியேற விடமாட்டார்.

வீட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதையும் பன்னிரண்டாவது கேள்வியாகச் சேர்த்திருக்கலாம். நான் ஏன் கிளம்பினேன் என்று உங்களுக்கு மறந்திருக்காது. அன்றைக்குச் சண்டை போட்டு அழுது முடித்து, போனால் போகிறது என்று நானே இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டேன். நீங்கள் அதற்கு ஏழு மார்க் போட்டீர்கள். சிரிக்க வைக்கத்தான் என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரைச்சீலைக்கு ஆறு, என் தங்கை வீட்டு சோபாவுக்கு ஐந்தரை, மன்னிப்புக்கு ஏழு. உங்களோடு இருப்பது தினமும் பரீட்சை எழுதுகிற மாதிரி இருந்தது மாமா. இப்போது நிம்மதியாக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. இன்னும் யோசிக்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நடப்பதானால் வெளியே போய் நடங்கள்.

இப்படிக்கு,
தொண்டை சரியான வீட்டுக்குரல்


பிப்ரவரி 17

அன்புள்ள வீட்டுக்குரலுக்கு,

உன் கடிதத்தை ஆசிரியரிடம் ஸ்பீக்கர் பகுதி வரைக்கும் மடித்துக் காட்டினேன். மூக்கில் விழுந்த இடத்தில் சிரித்தார். மூஞ்சி விஷயத்தை அப்படியே போடச் சொன்னார்.

ஆனால் ஒரு இடத்தில் எனக்குப் பொறுக்கவில்லை. இடப்பக்கம் மந்தம் என்கிறாய். என் மேஜையில் இருக்கிற டேப்பைச் சத்தம் அளக்கிற மீட்டரில் வைத்து மூன்று தடவை அளந்தேன். இரண்டு பக்கமும் சமம், மயிரிழை வித்தியாசம் இல்லை. ஒரே தொழிற்சாலை, ஒரே மாதத்தில் செய்த சரக்கு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதையாக இருக்கிறது. நீ பிடிக்கும்போது விரலால் ஸ்பீக்கர் ஓட்டையை மூடுகிறாய் என்று நினைக்கிறேன். நிறையப் பேர் செய்கிற தப்புதான். மேஜையில் வைத்து, கையை எடுத்துவிட்டு ஒரு முறை கேள். சுவரோரம் வேண்டாம், எதிரொலி ஏமாற்றும். பிறகு முழுக்கச் சார்ஜ் போட்டு, அணையும் வரை படம் ஓடவிட்டு எவ்வளவு தாங்குகிறது என்றும் எழுது. வீடியோ காலில் உன் முகம் எப்படித் தெரிகிறது என்று தங்கையைக் கேட்டுச் சொல். கேமரா நடுவில் இல்லாமல் ஓரத்தில் இருப்பதால், பேசுகிற ஆள் எங்கேயோ பார்க்கிற மாதிரி தெரியும் என்பது என் சந்தேகம்.

ஏழு மார்க்கைப் பற்றி எழுதியிருந்தாய். படித்துவிட்டு எழுந்து ஹாலில் நடந்தேன். என்ன எழுதினாலும் அதற்கும் நீ ஒரு கணக்கு வைப்பாய் என்று தோன்றியது. எழுதவில்லை.

நேற்று வீட்டுக்காரர் ஒரு குடும்பத்தைக் கூட்டி வந்தார். சும்மா பார்க்கத்தான் சார் என்றார். அந்த அம்மா கையில் டேப் வைத்துக்கொண்டு நம் சமையலறை ஜன்னலை அளந்தார். நான் சொல்வது அளக்கிற டேப். திரைச்சீலைக்காம். உன் கொத்துமல்லித் தொட்டி இருந்த இடத்தில் கைப்பையை வைத்துவிட்டு அளந்தார். என்னால் நிற்க முடியவில்லை, பால்கனிக்குப் போய்விட்டேன். அந்த ஜன்னலுக்கு வேறு யாரோ சீலை மாட்டப் போகிறார்கள். யோசி, வேண்டாம் என்று சொல்லவில்லை. கொஞ்சம் சீக்கிரம் யோசி.

அன்புடன்,
மீட்டரும் கையுமாக உன் ஆள்


பிப்ரவரி 26

அன்புள்ள மதிப்பெண் மாமாவுக்கு,

டேப்பைத் திருப்பி அனுப்புகிறேன், இந்தக் கடிதம் அதன் பெட்டிக்குள்ளேயே இருக்கும். அதைப் பெட்டிக்குள் எடுத்து வைத்ததுமே அறை வெறிச்சென்று ஆகிவிட்டது. அதையும் கட்டத்தில் போடலாம்.

பேட்டரி நன்றாக நிற்கிறது. காலையில் தொடங்கினால் பகல் முழுக்கத் தாங்குகிறது. ஆனால் சார்ஜ் ஏறுவதற்குள் பொறுமை போய்விடும், சமைத்துச் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவி முடித்தாலும் பாதிதான் ஏறியிருக்கிறது. பில் கட்டினேன், சிக்கல் இல்லை. புத்தகம் படிக்க அருமை, எழுத்தைப் பெரிதாக்கினால் கண்ணாடி வேண்டாம். வீடியோ காலில் என் முகம் மாவு பூசின மாதிரி இருப்பதாகத் தங்கை சொன்னாள். நீங்கள் சொன்னது நிஜம், பேசும்போது நான் யாரையோ தேடுகிற மாதிரி இருக்கிறதாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது படத்துக்குக் கீழே ஓடுகிற எழுத்து. வசனம் முழுக்க எழுத்தாக வருகிறது, அளவும் நிறமும் நம் இஷ்டம். இப்போதெல்லாம் அது இல்லாமல் நான் எதுவும் பார்ப்பதில்லை. இதைக் கட்டாயம் எழுதுங்கள். இதற்காகவே வாங்குகிறவர்கள் இருப்பார்கள்.

ஸ்பீக்கர் விஷயம். மேஜையில் வைத்தேன், கையை எடுத்தேன், சுவரை விட்டுத் தள்ளி வைத்தேன். இடப்பக்கம்தான் மந்தம். பிறகு டேப்பைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக் கேட்டேன். அப்போதும் இடப்பக்கம்தான். இந்த வரியை நிறுத்திப் படியுங்கள் மாமா. திருப்பி வைத்தாலும் எனக்கு இடப்பக்கம்தான் மந்தம்.

ஜன்னலை அளந்ததைப் படித்தபோது எனக்கும் ஒரு மாதிரி இருந்தது. அந்தத் தொட்டியில் எதுவுமே முளைத்ததில்லை, இருந்தாலும். வரலாமா என்று ஒரு நாள் தோன்றுகிறது, மறுநாள் வேண்டாம் என்று தோன்றுகிறது. வந்தால் முழுசாக வர வேண்டும், பாதி மனசை இங்கே வைத்துவிட்டு வந்து என்ன பிரயோசனம்? நான் எழுதியதை நீங்கள் எப்படிப் படிக்கிறீர்கள் என்பதைப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

இப்படிக்கு,
வீட்டுக்குரல்


மார்ச் 6

உனக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. எழுதி முடித்த பிறகு வந்தால் சேர்க்கிறேன்.

முதலில் வேலை. டேப் வந்தது. நீ திருப்பி வைத்தாலும் இடப்பக்கம் மந்தம் என்றதும் எனக்குப் பொறி தட்டியது. இந்த டேப்பைத் தலைகீழாக்கினால் மென்பொருள் இடத்தையும் வலத்தையும் தானே மாற்றிக்கொள்ளும். ஆகவே கோளாறு ஸ்பீக்கரில் இல்லை, மென்பொருளில் என்று கம்பெனிக்கு இரண்டு பக்கம் எழுதினேன். அவர்களுடைய என்ஜினியர் வந்து என் எதிரிலேயே சோதித்தார். நானும் உன் டேப்பை மீட்டரில் வைத்தேன். இரண்டு பக்கமும் சமம். அந்த ஆள் போகும்போது சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை நான் மறக்க மாட்டேன்.

அது போகட்டும். பேட்டரியைப் பற்றி எழுத, எந்தெந்த நேரத்தில் எவ்வளவு ஓடியது என்று டேப் தானே வரைந்து வைத்திருக்கும் படத்தைப் பார்ப்பது என் வழக்கம். உளவு பார்க்கவில்லை, எல்லாச் சரக்குக்கும் செய்வதுதான். வார நாட்களில், காலையிலிருந்து சாயங்காலம் வரை டேப் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. நீ ஆஸ்பத்திரியில் இருக்கிற நேரம். நீ வீட்டுக்கு வருகிற நேரத்துக்கு மேல் சும்மா கிடந்திருக்கிறது. பகல் முழுக்கத் தாங்குகிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். பகலில் உன் அறையில் இருப்பது யார்?

கண்ணால் காண்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று என்னை நானே அடக்கிக்கொண்டேன். ஒரு நாள் முழுக்க அடக்கினேன். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். உனக்கு இல்லை, ஆஸ்பத்திரிக்கு. ஒப்பந்தம் மீறப்படவில்லை. வரவேற்பில் இருந்த பெண், "மேடம் ரொம்ப நாளா லீவுல இருக்காங்களே, நீங்க யாரு?" என்றது. நான் யார் என்று சொல்லாமல் போனை வைத்துவிட்டேன்.

எல்லாம் வழக்கம்போலத்தான் என்று எழுதினாய். கூட்டத்துக்குக் குறைவில்லை என்று எழுதினாய். நான் இங்கே ஜன்னலை யார் அளக்கிறார்கள் என்று வயிறு எரிந்துகொண்டிருக்கிறேன், அங்கே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டாமா? வருகிறாய், இல்லை வரவில்லை, ஏதாவது ஒன்று சொல். ஆனால் அதற்கு முன்னால் யார் அது என்று சொல்லிவிடு. ஆபீசில் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கட்டுரை பாதியில் நிற்கிறது.

இப்படிக்கு,
நான்


மார்ச் 9

ஐயா பரிசோதகருக்கு,

பகலில் என் அறையில் இருப்பது யார் என்று கேட்டீர்கள். நான்தான்.

உங்கள் பார்சல் வருவதற்கு முன்னால் ஒரு நாள் காலையில் எழுந்தபோது இடக்காது அடைத்திருந்தது. தண்ணீர் புகுந்திருக்கும் என்று தலையைச் சாய்த்துத் தட்டினேன். படியிறங்கும்போது தலை சுற்றியது. தையல்கடை அக்காதான் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான் தினமும் மற்றவர்களை உட்கார வைக்கிற அந்தக் கண்ணாடி அறைக்குள் அன்றைக்கு நான் உட்கார்ந்தேன். என் ஜூனியர் பெண் வெளியே இருந்தாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு இடக்காதில் எந்தச் சத்தமும் வரவில்லை, ஆனால் அவள் விரல் கருவியைத் திருகிக்கொண்டே இருந்தது. எவ்வளவு வைத்தும் கேட்கவில்லை என்றால்தான் அப்படித் திருகுவோம். பொத்தான் என் கையிலேயே இருந்தது, அழுத்தத்தான் ஒன்றும் இல்லை.

மாத்திரை கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள். தலைசுற்றல் நின்றுவிட்டது. காது கொஞ்சம் திரும்பியிருக்கிறது, மீதி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்கிறார் டாக்டர். இதே வார்த்தையை எத்தனை பேரிடம் நானே சொல்லியிருக்கிறேன். அதனால் லீவு. அதனால் பகல் முழுக்க உங்கள் டேப். சாயங்காலம் ஆனால் கீழே இறங்கி, அக்கா பட்டன் தைப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதற்கும் படம் வரைந்திருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேராகச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லத்தான் தாளை எடுத்தேன். அதற்குள் பதினோரு கேள்வி வந்துவிட்டது. சொன்னால் உங்களுக்கு நான் பன்னிரண்டாவது கேள்வி ஆகிவிடுவேன் என்று பயந்தேன். எத்தனை சதவீதம், எந்த டாக்டர், போன வாரத்துக்கு இந்த வாரம் எவ்வளவு முன்னேற்றம். என்னால் அதைத் தாங்க முடியாது என்று தோன்றியது. பொய் எழுதியது தப்புதான், மழுப்பவில்லை.

ஆனாலும் சொன்னேன் மாமா. இடப்பக்கம் மந்தம் என்று ஒரு தடவை சொன்னேன். பழமொழி வந்தது. திருப்பி வைத்தாலும் இடப்பக்கம்தான், நிறுத்திப் படியுங்கள் என்று மறுபடியும் சொன்னேன். அதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? டேப்பைத் திருப்பியும் மாறாதது எது என்று நீங்கள் ஒரு நிமிஷம் யோசிப்பீர்கள், உனக்கு ஒன்றும் இல்லையே என்று ஒரு வரி வரும் என்று நினைத்தேன். விளையாட்டாகக் கேட்டிருந்தால்கூட அன்றைக்கே கிளம்பி வந்திருப்பேன். கம்பெனிக்கு இரண்டு பக்கம் எழுதினீர்கள். என்ஜினியரை வரவழைத்தீர்கள். மீட்டரில் மூன்று தடவை வைத்தீர்கள். என்னை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டபோது, யார் அது என்று கேட்டீர்கள்.

கோபத்தில் எழுதுகிறேன். இது உங்களிடம் வந்து சேரும்போது ஆறியிருக்கலாம், ஆறாமலும் இருக்கலாம். வீட்டுக்காரரிடம் உங்கள் இஷ்டப்படி சொல்லிக்கொள்ளுங்கள். எனக்காகக் காத்திருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
கூடம் கோணல் என்றவள்


மார்ச் 13

அன்புள்ள உனக்கு,

உன் கடிதத்தைப் படிக்கட்டிலேயே நின்று படித்தேன். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. கீழ்வீட்டுக்காரர் வந்து என்னைக் கைப்பிடித்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். என்ன ஆச்சு என்று கேட்டார். என் வீட்டம்மாவுக்கு உடம்பு சரியில்லை, எனக்கு இப்போதுதான் தெரியும் என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு அவமானமாக இருந்தது.

நீ பயந்தது சரி. என் கை முதலில் போனது மீட்டருக்குத்தான். எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டு, இதை வைத்து என்ன செய்யப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பஞ்சை உருட்டி இடக்காதில் அடைத்துக்கொண்டு வெளியே போனேன். இதற்கும் ஒரு சோதனையா என்று நீ கேட்பாய். எனக்கு வேறு எப்படித் தெரிந்துகொள்வது என்று தெரியவில்லை. தெரு கடக்கும்போது இடப்பக்கம் வந்த சைக்கிள்காரர், "பெல் அடிச்சிட்டே வர்றேன், காது கேக்கலியா?" என்று கத்திவிட்டுப் போனார். ஆபீசில் ஆசிரியர் இடப்பக்கம் வந்து நின்று ஏதோ கேட்டார், நான் வேறு எதற்கோ தலையாட்டினேன். சத்தம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை, தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து வலித்தது. மத்தியானத்துக்குள் யாரோடும் பேசப் பிடிக்காமல் போய்விட்டது. சாயங்காலம் பஞ்சை எடுத்துவிட்டேன். என்னால் எடுக்க முடிந்தது.

கட்டுரையை முடித்துக் கொடுத்துவிட்டேன். வாங்கலாம் என்று எழுதினேன். சார்ஜ் மெதுவாக ஏறும், உறையைத் தனியாக வாங்க வேண்டும், ஜன்னல் பக்கம் உட்காராதீர்கள் என்று நீ சொன்னதெல்லாம் வந்திருக்கிறது. கீழே ஓடுகிற எழுத்தைப் பற்றி ஒரு பத்தி. ஸ்பீக்கரைப் பற்றி என் எண்கள் மட்டும், உன் பெயரில் ஒன்றும் இல்லை. கட்டம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், ஆசிரியரும் ஏன் என்று கேட்கவில்லை. டேப்பைத் துடைத்துக் கம்பெனிக்கு அனுப்பியாகிவிட்டது, அந்தப் படமும் அதோடு போய்விட்டது. அதைப் பார்த்து உன்னைக் கேட்ட கேள்வி மட்டும் போகாது என்று தெரியும்.

நீ எப்போது வருகிறாய் என்று இனிமேல் கேட்க மாட்டேன். வேறு ஒன்று கேட்கிறேன். நான் அங்கே வரட்டுமா? பார்த்துவிட்டுத் திரும்ப இல்லை, இருப்பதற்கு. கட்டுரையை எங்கிருந்தும் எழுதலாம், மாதம் ஒரு தடவை தலையைக் காட்டினால் போதும் என்று ஆசிரியர் முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். சதவீதம் கேட்க மாட்டேன் என்று சத்தியம் செய்யத் தைரியம் இல்லை. கேட்டால் வாயை மூடு என்று சொல், மூடிக்கொள்கிறேன். வேண்டாம் என்றால் ஒரு வரி போதும். வீட்டுக்காரரிடம் இன்னும் ஒரு வாரம் கேட்டிருக்கிறேன். உனக்கு வலிக்கிறதா? அதை நீ எழுதவே இல்லை.

உன்,
நான்


மார்ச் 17

அன்புள்ள மாமாவுக்கு,

வலி இல்லை. இரைச்சல் உண்டு, பக்கத்தில் யாரோ குழாயை மூடாமல் விட்ட மாதிரி. பகலில் கீழே தையல் மெஷின் ஓடுவதால் அது தெரிவதில்லை. கேட்டதற்குச் சொல்கிறேன், வேறு ஒன்றுமில்லை.

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் அறைக்குள் நடந்தேன். இது என்ன தொற்றுநோயா என்று தெரியவில்லை. அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். "பஞ்சை வெச்சுக்கிட்டு ரோட்ல போனாரா, நல்ல ஆளைப் பிடிச்சே போ" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுதேன். சைக்கிளில் அடிபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இனிமேல் அப்படியெல்லாம் செய்யாதீர்கள்.

நான் அங்கே வரமாட்டேன் மாமா. அந்த வீட்டில் எதைத் தொட்டாலும் அதற்கு நீங்கள் போட்ட மார்க் எனக்கு ஞாபகம் வருகிறது. வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிடுங்கள், அந்த அம்மா அவருக்குப் பிடித்த சீலையை மாட்டிக்கொள்ளட்டும். இந்த அறை சின்னது. அலமாரி ஒன்றுதான், அதில் பாதியைக் காலி செய்து வைத்திருக்கிறேன். அதற்கு மேல் மூட்டை கட்டாதீர்கள். மீட்டர் ஆபீசிலேயே இருக்கட்டும். கோபம் முழுசாகப் போய்விட்டது என்று எழுதினால் பொய், ஏற்கெனவே எழுதிய பொய் போதும். சண்டை கட்டாயம் வரும். வந்தால் என் வலப்பக்கம் நின்று போடுங்கள், இடப்பக்கம் நின்று போட்டால் உங்கள் தொண்டைதான் வீண். சரிப்படவில்லை என்றால் இரண்டு பேருமே வெளிப்படையாகச் சொல்லிவிடுவோம்.

எந்த வண்டி, எத்தனை மணி என்று எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், கிளம்பி வாருங்கள். படுத்திருக்கும்போது வலக்காது தலையணையில் அமுங்கிவிட்டால் காலிங்பெல் எனக்குக் கேட்பதில்லை. கீழே அக்காவிடம் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமையிலிருந்து கதவைத் தாழ் போடாமல் சாத்தி மட்டும் வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஆள்